அறிவிப்பாளர் எடுத்த வகுப்பு

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. ஏழு முறை போன் செய்தேன். ஏழு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. நீ வீட்டில்தான் இருக்கிறாய், போனை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும். அதனால்தான் கடிதம். போனை எடுக்காமல் இருக்க உன்னால் முடியும். வந்த உறையைப் பிரிக்காமல் வைக்க முடியாது. இருபத்தேழு வருஷம் விடைத்தாள் திருத்திய கை அது, சும்மா இருக்காது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் தேவை என்ற விளம்பரத்தைக் கத்தரித்து வைத்தது நீ. ஒரே மேஜையில், ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி, இரண்டு பேரும் விண்ணப்பம் எழுதினோம். "போனா ரெண்டு பேரும் போவோம், இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்லயே கெடப்போம்" என்று சொன்னது நான். எனக்கு மட்டும் இடம் கிடைத்த கடிதம் வந்ததும் நாலு நாள் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தேன். ஐந்தாம் நாள் சம்மதம் என்று பதில் போட்டுவிட்டுத்தான் உன்னிடம் வாயைத் திறந்தேன். நீ பள்ளிக்கூட வேலையையே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தும் அப்படிச் செய்தேன். முப்பத்தொரு வருஷம் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் சொல்லி ஊரில் உள்ளவர்களை எல்லாம் ரயில் ஏற்றிவிட்டேன். உன் அண்ணன் கண்ணை மூடிய பிறகு நான் எந்த ரயிலிலும் ஏறவில்லை. ஆசை வந்துவிட்டது. வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு, மேலே தகரக் கூரை. தொழிற்சாலையில் சங்கு ஊதினால் என் மேஜைமேல் இருக்கும் சாக்பீஸ் உருண்டு கீழே விழுகிறது. இருபத்துமூன்று குழந்தைகள். ஏழு வயதிலிருந்து பத்து வரை. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், வாயைத்தான் திறக்க மாட்டார்கள் என்கிறார் இங்குள்ள தலைமை ஆசிரியை. அப்பா அம்மா எல்லாருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வேலை. நான் தங்கியிருப்பது சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாளில் வகுப்பில் நான் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. எழுந்து நிற்கிறேன், நாற்பத்தாறு கண்கள் என்னைப் பார்க்கின்றன, முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பலகையில் படம் போட்டுப் பொழுதை ஓட்டுகிறேன். நேற்று நான் வரைந்த பசுவை அவர்கள் நாய் என்று முடிவு கட்டினார்கள். நானும் சரி என்று வாலை மாற்றிவிட்டேன்.

மூன்று மாதம் சோதனைக் காலம். ஆகஸ்ட் கடைசியில், என்னை இங்கே அனுப்பிய தொண்டர் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் வாய் திறந்து ஆங்கிலம் பேசவில்லை என்றால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் முதல் பாடத்தை எப்படி நடத்துவாய் என்று ஒரு வரி எழுது.

உன் அண்ணி


ஜூன் 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்தேன். திருத்தவில்லை. வீட்டில் இருக்கும் சிவப்பு மை அதற்குப் போதாது.

போன் அடித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். வேறு எங்கே போவேன்? விருப்ப ஓய்வு வாங்கியவள் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. கடைத்தெருவுக்குப் போனால், "எப்போ டீச்சர் கெளம்பறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆசிரியர் அறையில் எனக்கு வழியனுப்பு விழாவே நடத்திவிட்டார்கள். தலைமையாசிரியர் என்னை இந்தப் பள்ளியின் தூதர் என்று பேசினார். தூதர் இப்போது பால் வாங்கக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறாள்.

இருபத்தேழு வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் நான். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்பதைத் தவிர வேறு ஆங்கிலம் பேசி அறியாதவர் நீங்கள். தேர்வைப் போனில் நடத்தினால் இப்படித்தான் ஆகும். உங்கள் குரலைக் கேட்டு மயங்கிவிட்டார்கள். கேள்வி கேட்டவருடைய உச்சரிப்பை நான் மூன்று இடத்தில் திருத்தினேன். அதனால்தான் எனக்குக் கிடைக்கவில்லை என்று நீங்கள் நினைப்பது தெரியும். இன்றைக்குக் கேட்டாலும் திருத்துவேன்.

நாலு நாள் ஒளித்து வைத்தீர்களே, அந்த நாலு நாளும் காலையில் எழுந்து உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவள் நான். நீங்களும் "நல்லா இருக்கு" என்று சொல்லிக் குடித்தீர்கள். இடம் போனதைவிட அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கேட்டதற்குப் பதில். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக எழுப்பி நிறுத்துங்கள். நேராக நின்று, உங்கள் கண்ணைப் பார்த்து, பெயரையும் வயதையும் முழு வாக்கியமாக உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை உட்காரக் கூடாது. அழுதால் அழட்டும், இரக்கம் காட்டாதீர்கள். என் வகுப்பில் இதிலிருந்து தப்பித்தவர் யாரும் கிடையாது.

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
நாத்தனார்


ஜூலை 1

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். முதல் ஆறு பேர் ஏதோ முனகிவிட்டு உட்கார்ந்தார்கள். ஏழாவது ஒரு பெண். வகுப்பிலேயே உயரம், கடைசி வரிசை, எப்போதும் வாயைக் கையால் மூடிக்கொண்டிருப்பாள். நான் அவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன், மனதுக்குள்தான். எழுந்து நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள். பேசவில்லை. சொல்லும்வரை உட்காரக் கூடாது என்று நீ எழுதியிருந்தாயே, நானும் விடவில்லை. சங்கு ஊதும்வரை நின்றாள். அழவும் இல்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் பள்ளிக்கு வரவில்லை.

தலைமை ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா கை கழுவிக்கொண்டே சொன்னதைத் தலைமை ஆசிரியை எனக்கு மொழிபெயர்த்தார்: "வீட்ல இவ வாயை மூட முடியாது. வெளியில நாலு பேர் பார்த்தா ஊமை." நெட்டை கதவிடுக்கில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டேஷனில் என் அறைக்கு ஜன்னல் கிடையாது, நீ வந்து பார்த்திருக்கிறாய். ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு பிளாஸ்கில் வெந்நீர். முப்பத்தொரு வருஷம் ஆயிரம் ஆயிரம் பேரிடம் பேசினேன். ஒருவர் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. எனக்குப் பேசத் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்காவிட்டால்தான் எனக்குப் பேச்சு வரும் என்பது இங்கே வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. எட்டு வாரம்கூட மீதி இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

படித்தேன். மனசு கஷ்டமாக இருந்தது. முடியவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடாது. குழந்தைகளின் படிப்பு விஷயம் வேறு, நமக்காக அவர்களுடைய ஒரு வருஷத்தை வீணாக்கக் கூடாது இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரே குடியுங்கள். குழாயைச் சரி செய்தாகிவிட்டது. உங்கள் அறையைப் பெருக்கி, படுக்கை விரிப்பை மாற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 26

அடி டீச்சரம்மா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசி எத்தனை மாதமாகிறது. பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல்கூட வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் இது நடந்தது. கேள்.

சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து அறை அலமாரியில் எடுக்கப் போனேன். காற்றுக்குக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அலமாரியில் பெட்டி காலி. அந்த அறையிலும் ஜன்னல் இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். என்ன தோன்றியதோ, பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்தது. "யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ். தி சாக் பாக்ஸ் இஸ் எம்ப்டி. தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரெக்ரெட்டட்." ஸ்டேஷனில் சொல்வதுபோல் இரண்டு தடவை சொன்னேன்.

 அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அப்புறம் யாரோ ஒரு பிள்ளை கதவருகில் வந்து, "வேர் ஆர் யூ?" என்று கேட்டது. என் வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி. நான் பதில் சொன்னேன். இன்னொரு கேள்வி வந்தது. முக்கால் மணி நேரம், நாத்தனாரே, கதவைத் திறக்காமல் பேசிக்கொண்டிருந்தோம். என் வயது, என் ஊர், எனக்குக் கல்யாணம் ஆயிற்றா, என்னோடு வீட்டில் யார் இருக்கிறார்கள், எல்லாம் கேட்டார்கள். உன்னைப் பற்றியும் சொன்னேன். நல்லதாகத்தான் சொன்னேன்.

மறுநாள் அவர்களும் உள்ளே போக வேண்டும் என்று அடம். இப்போது அதுதான் என் பாடம். ஒருவர் கதவுக்குப் பின்னால் போய் வீட்டுச் செய்தியை அறிவிப்பார், மற்றவர்கள் வெளியிலிருந்து கேள்வி கேட்பார்கள். வார்த்தை தெரியாவிட்டால் கதவுக்கு அடியில் என்னிடம் கேட்பார்கள், நானும் தரையில் படுத்துப் பதில் சொல்வேன். தப்பாகப் பேசினாலும் யாரும் வாயைப் பார்த்துச் சிரிக்க முடியாது இல்லையா? ஒருவன் தன் தம்பியின் வருகை காய்ச்சல் காரணமாக ரத்து செய்யப்படுகிறது என்றான். இன்னொருத்தி, தன் அப்பா இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறார், காரணம் தெரிவிக்கப்படவில்லை என்றாள்.

நெட்டை மறுபடி பள்ளிக்கு வர ஆரம்பித்திருந்தாள், நாலாம் நாள் அவள் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தானாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.  பிறகு என் குரல் போலவே இழுத்து, "மை மதர் இஸ் அரைவிங் ஷார்ட்லி. ஷி இஸ் ஆங்க்ரி. கைண்ட்லி ஸ்டாண்ட் அவே." வகுப்பு கை தட்டித் தீர்த்தது. நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி வருகிறார்கள். வரட்டும்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி உங்களுக்குக் கடிதம் போட்ட அன்றைக்கே, அதே தபால் பெட்டியில், சங்கத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன். நீங்கள் தேர்ந்தெடுத்தவர் வகுப்பில் வாய் திறக்க முடியாமல் நிற்கிறார், ஒரு குழந்தை பள்ளியைவிட்டே நின்றுவிட்டது, இருபத்தேழு வருஷ அனுபவமுள்ள நான் உடனே புறப்படத் தயாராக இருக்கிறேன் என்று எழுதினேன். உங்கள் வார்த்தைகளையே எடுத்துப் போட்டேன். ஜன்னல் இல்லாத அறையைக்கூட விடவில்லை. அந்தக் குழந்தையை நிற்க வைக்கச் சொன்னது நான் என்பதை மட்டும் எழுதவில்லை.

நேற்று பதில் வந்தது. புகாரை ஆகஸ்ட் பரிசோதனையின்போது நேரில் விசாரிப்பார்களாம். உங்கள் கடிதமும் நேற்றுத்தான் வந்தது. இரண்டும் சேர்ந்தே வாசலில் கிடந்தன. உங்களுடையதை முதலில் படித்தேன். சிரித்தேன் அண்ணி, தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் இன்னொன்றைப் பிரித்தேன்.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்று காலையே எழுதிப் போட்டுவிட்டேன். போய்ச் சேர்ந்தாலும் படிப்பார்களோ என்னவோ. முதல் கடிதத்தோடுதான் அங்கே வருவார்கள். நீங்கள் தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நீங்கள் அழுதுகொண்டு திரும்பி வருவீர்கள், நான் சமாதானப்படுத்திவிட்டு அங்கே போவேன் என்று படுக்கை விரிப்பை மாற்றும்போது நினைத்தேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் முன் தலை குனியாதீர்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 4

நாத்தனாருக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. பதில் போடவில்லை. போட்டிருந்தால் இந்த ஜென்மத்தில் நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிய வரியை நானே நினைத்து நினைத்து முகத்தில் அறைந்துகொண்டேன். ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி, கையில் பைல் வைத்த ஆள் ஒருவர். தலைமை ஆசிரியை முன்னிலையில் அந்த அம்மா உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். இரண்டு பக்கம். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து, "இதுல இருக்கறது எல்லாம் உண்மை. ஜூலை இருபதாம் தேதி வரைக்கும்" என்று சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது. நான் ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசிய முதல் முழு ஆங்கில வாக்கியம் உன் புகாருக்குச் சொன்ன பதில்தான்.

பிறகு வகுப்புக்குப் போனோம். கதவு வித்தை எல்லாம் வேண்டாம், பிள்ளைகள் தன்னிடம் நேரில் பேசட்டும் என்றார் அந்த ஆள். ஒருவரும் பேசவில்லை. அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். நெட்டையின் கை வாய்க்குப் போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது எனக்கு ஒரு துணிச்சல். "சார், நீங்க உள்ள போங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஏழெட்டுப் பேர் அவரைத் தள்ளாத குறையாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியிலிருந்து கேள்விகள் பறந்தன. யார் நீ, எங்கிருந்து வருகிறாய், எத்தனை மணி நேரம் தாமதம், உனக்கு ஏன் தலையில் முடி இல்லை. மனிதர் முதலில் முறைப்பாகப் பதில் சொன்னார். பிறகு அவரே அறிவிப்புப் போட ஆரம்பித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர், ஒரு கட்டத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நெட்டை அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டி, அது ஏன் நூல் விட்டிருக்கிறது, உன் வீட்டில் யாரும் தைக்க மாட்டார்களா என்று கேட்டாள். இரண்டு கையும் கீழே இருந்தன.

நான் இங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒன்று சொன்னார்கள். பேசுகிறார்கள், சரி, இவர்களில் ஒருவருக்கும் ஒரு வரி எழுதத் தெரியவில்லை, எழுதச் சொல்லிக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றாள் அந்த அம்மா. உன் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தாள். "இவ்வளவு நல்ல இங்கிலீஷை நான் சமீபத்துல படிச்சதில்ல. புகார்தான், ஆனா ஒரு வார்த்தை அதிகம் இல்ல. இவங்களைக் கூப்பிடலாமா? நீங்க சரின்னா மட்டும்" என்றாள்.

உடனே சரி சொன்னேன் என்று நினைக்காதே. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒன்பது நாள் யோசித்தேன். முதல் நாலு நாள் உன்மேல் இருந்த கோபத்துக்கு. அடுத்த நாலு நாள், நான் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்ததற்கு. ஒன்பதாம் நாள் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உன்னைவிட நன்றாக எழுதச் சொல்லிக்கொடுக்கிற ஆள் எனக்குத் தெரியாது, இந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டும். சங்கத்திலிருந்து உனக்குப் போன் செய்வார்கள், எடு. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அண்ணி


செப்டம்பர் 16

அண்ணிக்கு,

ஒன்பது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் ஒன்பது மாதம் ஆகியிருக்கும், அப்புறமும் பரிசீலிக்கலாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

போன கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டு ஒரு வார்த்தையை மட்டும் விட்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள். இருபத்தேழு வருஷமாகப் பிள்ளைகளைச் சொல்ல வைத்த வார்த்தை. நானே எழுதும்போது கை போகவில்லை.

சங்கத்திலிருந்து போன் வந்தது, எடுத்தேன், ஒப்புக்கொண்டேன். கூடவே, அந்தக் குழந்தையை நிற்க வைக்கச் சொன்ன ஆள் நான்தான் என்றும் சொன்னேன். அதைக் கேட்ட பிறகும் வரச் சொன்னால் வருகிறேன் என்றேன். நேற்று மறுபடி கூப்பிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். அக்டோபர் ஏழாம் தேதி பயணம்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. என் வகுப்பில் நின்றுகொண்டே இருந்த பிள்ளைகள் இப்போது ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் திமிரில் பேசாமல் நிற்கிறார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்துவிட்டேன். அங்கே வந்து நெட்டையை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை. முதல் ஒரு வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து நீங்கள் நடத்துவதைப் பார்க்கிறேன். திருத்த மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

நாலு நாள் ஒளித்து வைத்ததை நான் மன்னித்துவிட்டேனா என்றால், இன்னும் இல்லை. உங்களுக்கும் என்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். இந்த நாலு மாதமாக இந்த வீட்டில் தனியாக உங்களோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் பங்கையும் நானே பேசினேன், என் பங்கையும் நானே பேசினேன். ஒரு தடவைகூட என்னால் ஜெயிக்க முடியவில்லை. எதிரில் நீங்கள் இருக்க வேண்டும்.

உங்கள் நாத்தனார்